உடைந்த இரும்பைக் கேளுங்கள்!

அழகர்கோவில் சாலையில் ஒரு டிராக்டர் பட்டறை. தொளி உழவு முடிந்து வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும் நாட்களில் அங்கே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தால் போதும். இந்தச் சுற்றுவட்டாரத்துக் கஷ்டநஷ்டம் முழுவதும் காதில் விழுந்துவிடும். அங்கே நாம் ஒரு முறையல்ல, பல முறை கேட்ட ஒரு பேச்சைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

"டிரைவர் பய கண்ணு மண்ணு தெரியாம ஓட்டிக் கெடுத்துப்புட்டான். அவன் சம்பளத்துல பிடிச்சுக்கிறேன். நீ வேலையைப் பாரு மேஸ்திரி."

இதை வண்டிக்காரர் சொல்கிறார். டிரைவர் வேப்பமரத்தடியில் நிற்கிறார். என்ன நடந்தது என்று அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. விசாரணை, தீர்ப்பு, தண்டனை மூன்றும் அந்த ஒரே பேச்சில் முடிந்துவிட்டன! கொலைக் குற்றவாளிக்குக்கூட வக்கீல் வைத்துக்கொள்ள உரிமை உண்டு. கிளட்ச் பிளேட் தேய்ந்த குற்றத்துக்கு வக்கீலும் கிடையாது, வாய்தாவும் கிடையாது.

ஆலைத் தோழர்களுக்கு இது புதிய கதையாகத் தோன்றாது. 1936-க்கு முன்பு பம்பாய்ப் பஞ்சாலைகளில் துணியில் பழுது கண்டால் அந்தத் துணியை நெசவாளியின் தலையிலேயே கட்டி, அதன் விலையைக் கூலியில் வெட்டிக்கொண்டார்கள். மட்டமான நூலைத் தறிக்கு அனுப்பியது யார்? தறியைச் சரிபார்க்காமல் விட்டது யார்? அதையெல்லாம் கேட்க ஆளில்லை. துணி அவன் தறியில் பழுதாயிற்று, ஆகவே அவன் கட்ட வேண்டும், அவ்வளவுதான். தொழிலாளர்கள் இதை எதிர்த்துப் பல வேலைநிறுத்தங்கள் நடத்தினார்கள். 1929-இல் நியமிக்கப்பட்ட விட்லி கமிஷன் 1931-இல் அறிக்கை தந்தது. அதன் பிறகு 1936-இல்தான் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் வந்தது. ஆலையில் விரட்டப்பட்ட அந்த அநியாயம் இன்று வயற்காட்டில் டிராக்டர் மீதேறி உட்கார்ந்திருக்கிறது.

ஒரு சம்பவத்தைச் சொல்கிறோம். வாய்க்கால் கரையைக் கடக்கும்போது ஒரு டிராக்டரின் முன்சக்கர அச்சு முறிந்து, வண்டி மூக்குக் குத்தி நின்றுவிட்டது. டிரைவர் பிழைத்தது பெரிய காரியம். வண்டிக்காரர் வந்தார். வரப்பின் மேல் வேகமாக ஏற்றியதால் முறிந்தது என்றார். டிரைவர் இல்லை என்றார். பட்டறை மேஸ்திரி இருவரிடமும் எதுவும் பேசவில்லை. முறிந்த துண்டை மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்து, வெயிலில் பிடித்துக் காட்டினார்.

முறிந்த முகத்தில் முக்கால் பாகம் கறுத்து, வழவழவென்று இருந்தது. அதிலே குளத்தில் கல்லெறிந்தால் எழும் அலையைப் போல வரிவரியாகக் கோடுகள். மீதிக் கால் பாகம் மட்டும் உடைத்த கற்கண்டைப் போலச் சொரசொரப்பாக, வெள்ளையாக மின்னியது. இரும்பு வேலை அறிந்தவர்கள் இதற்குப் பொருள் அறிவார்கள். ஒரே அடியில் முறிந்த இரும்பு முகம் முழுவதும் புதிதாகச் சொரசொரத்திருக்கும். வழவழப்பும் கறுப்பும் வரியும் இருந்தால், விரிசல் எப்போதோ விழுந்து நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். எஞ்சியிருந்த அந்தக் கால் பாகம்தான் அன்று வாய்க்கால் கரையில் முறிந்தது. முக்கால் பாகம் அதற்கு முன்பே முறிந்துபோயிருந்தது. அதன் மேல் ஏறி ஒரு மனிதன் இரவும் பகலும் உழுதுகொண்டிருந்தான்!

வண்டிக்காரர் பார்த்தார். அவர் முட்டாளல்ல, புரிந்தது. ஆனாலும் என்ன சொன்னார் தெரியுமா? "எப்படியோ, அவன் கையிலதானே உடைஞ்சது."

யார் கையில் உடைந்தது என்பது ஒரு கேள்வி. ஏன் உடைந்தது என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கு விடை எப்போதும் தொழிலாளிதான், ஏனென்றால் வேலை செய்கிறவன் கையில்தான் எதுவும் உடையும். சும்மா உட்கார்ந்திருப்பவன் கையில் எது உடையப் போகிறது? கூலியில் பிடிப்பவர்கள் முதல் கேள்வியோடு நிறுத்திக்கொள்வதன் ரகசியம் இதுதான்.

இரண்டாவது கேள்வியை நாம் கேட்போம். ஏன் உடைகிறது?

1895-இல் பெரியாறு அணை முடிந்த நாள் முதலாக இந்தப் பூமிக்குக் கடிகாரம் கால்வாய்த் தண்ணீர்தான். பேரணையிலிருந்து கள்ளந்திரி வரையில் இருபோக நிலம் 45,041 ஏக்கர். கள்ளந்திரிக்கு அப்பால் மேலூர்ப் பக்கம் பெரியாறு பிரதானக் கால்வாயில் ஒருபோக நிலம் 85,563 ஏக்கர். சித்திரையில் அழகர் மதுரைக்கு இறங்கிப் போகும் அதே சாலையில்தான் அந்தக் கள்ளந்திரியும் இருக்கிறது. ஷட்டர் திறந்து தண்ணீர் விட்டார்களா, அவ்வளவுதான், இத்தனை நிலத்துக்கும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தொளி அடித்தாக வேண்டும். அணையில் நீர்மட்டம் போதாமல் திறப்பு தள்ளிப்போன வருஷங்களில் நெருக்கடி இன்னும் அதிகம். நாற்று முற்றுகிறது, நடவாட்கள் காத்திருக்கிறார்கள், முறைத்தண்ணீர் போய்விடும். சம்சாரி டிரைவரின் கையைப் பிடித்துக் கெஞ்சுகிறான். வண்டிக்காரர் போனில் விரட்டுகிறார். வாடகை மணிக்கணக்கு, டிரைவருக்குப் படியும் மணிக்கணக்கு. பகல் முழுவதும் ஒருவன் ஓட்டி, இரவும் அவனே ஓட்டுகிறான். விளக்கு வெளிச்சத்தில் சேற்றுக்குள் வரப்பு எது, கல் எது என்று கண்டுபிடிக்க அவனுக்கு என்ன ஆந்தைக் கண்ணா?

இந்த நாட்களில் வண்டிக்குத் தினசரி செய்ய வேண்டிய வேலை என்ன என்று மேஸ்திரியைக் கேட்டோம். சேற்றுழவு முடிந்ததும் முன்சக்கரக் குடத்தைக் கழுவி கிரீஸ் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் சேறு ஆயில் சீலைத் தின்று பேரிங்கில் புகுந்துவிடும். ரேடியேட்டரில் ஒட்டிய வைக்கோல் தூசியை ஊதித் தள்ள வேண்டும். விடாமல் விட்டால் என்ஜின் சூடேறி ஹெட் வளைந்து, கேஸ்கட் போகும். பங்குனி, சித்திரையில் புழுதி உழவில் ரோட்டவேட்டர் போட்டால் ஏர் கிளீனரை அன்றாடம் பார்க்க வேண்டும். எண்ணெய்க் கிண்ணம் உள்ள பழைய வண்டிகளில் அந்த எண்ணெய் சேறாகியிருந்தால் மாற்ற வேண்டும். புழுதி உள்ளே போனால் லைனரையும் பிஸ்டன் ரிங்கையும் அரத்தைப் போல அராவிவிடும். கிளட்ச் பெடலில் விட வேண்டிய இடைவெளியை அவ்வப்போது சரிசெய்ய வேண்டும். அது குறைந்தால் டிரைவர் காலைத் தூக்கி வைத்திருந்தாலும் பிளேட் வழுக்கிக் கருகும்.

இவ்வளவுக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் போதும் என்கிறார் அவர். அந்த ஒரு மணி நேரத்துக்குக் கூலி யார் கொடுக்கிறார்கள்? வண்டி ஓடும் மணிக்குத்தான் காசு. நின்று கழுவும் மணிக்குக் காசு இல்லை. கிரீஸ் டப்பா வாங்கித் தரச் சொன்னால் "அடுத்த வாரம் பார்க்கலாம்." சூடு காட்டும் முள் செத்து எத்தனை மாதம் ஆயிற்று என்று கேட்டால் பதில் இல்லை. பார்க்க வேண்டிய கண்ணைக் குருடாக்கிவிட்டு, ஏன் பார்க்கவில்லை என்று கேட்பது என்ன நியாயம்?

டிராக்டரோடு இது நிற்கவில்லை. ஊராட்சிகளில் தூய்மைக் காவலர்கள் ஓட்டும் பேட்டரி வண்டியைப் பாருங்கள். ஈய பேட்டரியை முற்றிலும் இறங்கவிட்டுச் சார்ஜ் ஏற்றாமல் நாள்கணக்கில் போட்டுவைத்தால் அது செத்துப்போகும். இதை அந்தப் பெண்களுக்கு முன்கூட்டிச் சொல்லிக்கொடுத்தவர் யார்? வண்டி தாங்கும் பாரத்தைப் போல இரண்டு பங்கு குப்பையை ஒரே நடையில் அள்ளச் சொல்லிவிட்டு, மோட்டார் எரிந்ததும் "இதுகளுக்கு வண்டி கொடுத்தது தப்பு" என்று ஏசுவதைக் கேட்டிருக்கிறோம். கையால் இழுக்கும் தள்ளுவண்டிக் காலத்தில் அதே பெண்கள் எதையும் உடைக்கவில்லை. உடைந்ததெல்லாம் அவர்கள் முதுகுதான்.

இவ்வளவும் எழுதியதால், டிரைவர் தோழர்கள் எல்லோரும் குற்றமற்ற குழந்தைகள் என்று நாம் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். நம்மவர் தவறையும் நாமே சொல்லியாக வேண்டும். கிளட்சின் மேல் காலை ஊன்றிக்கொண்டே காலம் முழுவதும் ஓட்டுகிறவர் இருக்கிறார். கொதிக்கும் என்ஜினில் வாய்க்கால் தண்ணீரை மொண்டு ஊற்றி ஹெட்டை வெடிக்கச் செய்தவரும் இருக்கிறார். காதில் பாட்டு, கையில் போன், வயிற்றில் சரக்கு என்று ஓட்டுகிறவரும் இருக்கிறார், இல்லையென்று மறைப்பதில் பயனில்லை. டிராக்டரில் இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் தனித்தனிப் பிரேக் உண்டு. வயலில் திருப்புவதற்காக வைத்தது. சாலையில் ஏறும்போது இரண்டு பெடலையும் கொண்டியால் சேர்த்து மாட்ட வேண்டும். மாட்டாமல் வேகத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி சுழன்று கவிழும். பின்னால் டிரெய்லரில் இருப்பது யார்? நடவுக்குப் போகும் நம் தாய்மார்கள்! ஆட்களை ஏற்றக்கூடாத டிரெய்லரில் அவர்களை ஏற்றுவது முதல் தவறு. குடித்துவிட்டு ஓட்டுவது அதனினும் பெரிய தவறு. இப்படிப்பட்ட ஆளுக்குச் சங்கம் பரிந்து பேசலாகாது. முதலாளியின் அபராதத்துக்கு முன்பாகச் சங்கத்தின் கண்டனம் அவருக்குப் போய்ச் சேர வேண்டும். வாங்கும் கூலியின் மானம் அதில் இருக்கிறது.

ஆனால் ஒரு சந்தேகம். ஆயிரம் கிளட்ச் கருகினால், ஆயிரம் டிரைவருக்கும் ஒரே சமயத்தில் புத்தி கெட்டுப்போயிற்று என்று நம்பச் சொல்கிறார்களே, அது எப்படி?

எந்திரம் புதிதாக வந்த இடங்களிலெல்லாம் இந்தத் தகராறு கூடவே வந்திருக்கிறது. சோவியத் நாட்டில் 1928-இல் ஒடெஸ்ஸா பகுதியில் ஷெவ்செங்கோ அரசுப் பண்ணையில் முதல் டிராக்டர் நிலையம் தோன்றியது. மறு வருஷம் அதை நாடெங்கும் பரப்ப உத்தரவாயிற்று. குதிரையை மட்டுமே அறிந்த விவசாய இளைஞர்கள் திடீரென்று டிராக்டரில் ஏறினார்கள். வண்டிகள் ஏராளமாக உடைந்தன. அப்போது அங்கே ஒரு பெருந்தவறும் நடந்தது. 1933 மார்ச்சில் விவசாய இலாகாக்களைச் சேர்ந்த 35 பேர் நாசவேலைக்காரர்கள் என்று சுட்டுக் கொல்லப்பட்டார்கள். டிராக்டர்களைச் சேதப்படுத்தினார்கள் என்பதும் குற்றச்சாட்டுகளில் ஒன்று. அந்தத் தோட்டாக்களால் நின்றுபோன டிராக்டர் ஒன்றாவது ஓடியிருக்குமா? ஓட வைத்தது பயிற்சி வகுப்பும் பட்டறையும் உதிரிபாகமும்தான். அதே 1933-இல்தான் பாஷா ஆங்கெலினா என்ற இளம்பெண் பெண்களுக்கென்றே ஒரு டிராக்டர் குழுவை அமைத்தார். எந்திரத்தைப் பேணி ஓட்டுவதில் அந்தக் குழு பேர் வாங்கியது. நாம் மதிக்கும் நாட்டில் நடந்ததாயினும், ஆளைத் தேடிப் பிடித்துப் பழி போடுவது பழுதுபார்த்தல் ஆகாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

நம் நாட்டில் என்ன நடந்தது? சுதந்திரத்தையொட்டி மத்திய சர்க்கார் அமைத்த டிராக்டர் ஸ்தாபனம், யுத்தத்தில் அமெரிக்க ராணுவம் விட்டுப்போன பழைய வண்டிகளைக் கொண்டே தரிசு உடைக்க ஆரம்பித்தது. அவை போதாமல் 1949-இல் உலக வங்கியிடம் 1 கோடி டாலர் கடன் வாங்கிப் புது எந்திரம் இறக்கினார்கள். சர்க்காரின் எந்திரம் தேய்ந்தால் உலக வங்கி இருக்கிறது. அழகர்கோவில் டிரைவர் ஓட்டும் எந்திரம் தேய்ந்தால் அவன் பெண்டாட்டியின் தோடுதான் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தோழர்கள் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். 1936-ஆம் வருஷத்துச் சட்டம் சேதத்துக்காகப் பிடித்தம் செய்யலாம் என்று சொன்னது உண்மை. ஆனால் எப்போது? பொருள் அந்தத் தொழிலாளியிடம் குறிப்பாக ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். சேதம் அவனுடைய அசட்டையால் நேரடியாக விளைந்திருக்க வேண்டும். சேதத்தின் மதிப்புக்கு மேல் ஒரு காசும் பிடிக்கலாகாது. பிடிக்கும் முன் காரணம் சொல்ல அவனுக்கு வாய்ப்புத் தர வேண்டும். இந்த வரம்புகள் ஆலைக்கும் ரயில்வேக்கும் அதுபோன்ற ஸ்தாபனங்களுக்குமே இருந்தன. வயலில் டிராக்டர் ஓட்டுகிறவனை எட்டவில்லை.

2025 நவம்பர் 21-இல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக ஊதியத் தொகுப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. நான்கு தொகுப்புகளையும் தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. தொழிலாளி போராடிப் பெற்ற பலவற்றை அவை பறிப்பதால் அந்த எதிர்ப்பு நியாயமே. அதற்காக அதில் எஞ்சியிருக்கும் ஆயுதத்தைக் கீழே போட்டுவிட வேண்டியதில்லை. சேதத்துக்கான பிடித்தம் பற்றிய மேற்சொன்ன வரம்புகள் இதிலும் அப்படியே இருக்கின்றன. ஒரு சம்பள காலத்தில் எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. அபராதம் என்ற பெயரில் பிடித்தால் நூற்றுக்கு 3-க்கு மேல் கூடாது. கோரிக்கை மனுப் போட 3 வருஷம் அவகாசம் உண்டு. தொழிலோ வியாபாரமோ நடக்கும் எந்த ஸ்தாபனத்துக்கும் இது பொருந்தும் என்கிறார்கள். அப்படியானால் வாடகைக்கு வண்டி ஓட்டுவது தொழில் அல்லாமல் வேறென்ன, கோயில் கைங்கரியமா? இந்த வாதத்தை நம் சங்கங்கள் அதிகாரி முன்பு வைத்தே தீர வேண்டும். கொடுத்த முன்பணம், வாய்மொழிக் கணக்கு, "ஆறு மாசம் பாதிச் சம்பளம்" என்று நடக்கும் இந்தப் பிடித்தங்களில் எத்தனை இந்த வரம்புக்குள் அடங்கும்?

வண்டிக்காரரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நூறு ஏக்கர் பண்ணையாரின் கதை வேறு. இந்தப் பக்கத்தில் வாடகை வண்டி வைத்திருப்பவர்களில் பலர் இரண்டு மூன்று ஏக்கர் நிலத்தை ஈடு வைத்து வண்டி எடுத்த சம்சாரிகள். தவணை தவறினால் வண்டியைத் தூக்கிப்போய்விடுவார்கள் என்ற பயத்தில் தூக்கமில்லாமல் இருப்பவர்கள். அந்தப் பயத்தை நாம் அறியாதவர்கள் அல்ல. டீசல் விலையும் உதிரிபாக விலையும் அவரை நசுக்குகின்றன. ஆனால் மேலே இருப்பவன் தன்னை நசுக்குவதற்குப் பரிகாரம் கீழே இருப்பவனை நசுக்குவது என்று அவர் நினைப்பாரானால், அங்கே நமக்கும் அவருக்கும் வழி பிரிகிறது. பராமரிப்புச் செலவு வாடகையில் சேர வேண்டிய கணக்கு. பழைய மாட்டுவண்டிக்காரன் அச்சுக்கு மசகு போடும் செலவை மாட்டின் தீனியிலிருந்து பிடிக்கவில்லை.

செய்ய வேண்டியது என்ன? வண்டிக்கு வண்டி ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். மீட்டரில் எத்தனை மணி ஓடியது, என்றைக்கு எண்ணெய் மாற்றியது, எந்தக் குறையை என்றைக்குச் சொன்னது என்று டிரைவர் எழுத வேண்டும். வண்டிக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். "முன்சக்கரம் ஆடுகிறது" என்று ஐப்பசி 5-இல் எழுதிக் கையெழுத்தும் இருந்தால், கார்த்திகையில் அச்சு முறிவதற்கு யார் பொறுப்பு என்ற வழக்கே எழாது. எழுதத் தெரியாதவருக்கு வீட்டில் படிக்கிற பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும். அடுத்தது, உடைந்த பாகத்தைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட விடாதீர்கள். டிரைவர், வண்டிக்காரர், பட்டறை மேஸ்திரி, சங்கத்திலிருந்து ஒருவர் என்று நாலு பேர் முன்னிலையில் பார்த்துக் காரணத்தை எழுதிய பிறகே பழுதுவேலை தொடங்கட்டும். கருகிய பிளேட்டில் எண்ணெய் கசிந்த தடம் இருக்கிறதா, கால் வைத்துத் தேய்த்த தடம் மட்டும் இருக்கிறதா என்பது மேஸ்திரிக்கு ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். மேஸ்திரிகளும் யோசிக்க வேண்டும். பில் கொடுப்பவர் வண்டிக்காரர் என்பதற்காக வாயை மூடிக்கொள்வது அவர்கள் கைத்தொழிலுக்கு அழகல்ல. அவர்களும் உழைப்பாளிகளே.

கழுவி கிரீஸ் போடும் அந்த ஒரு மணி நேரத்துக்குக் கூலி வேண்டும் என்ற கோரிக்கையை முதலில் வையுங்கள். சேதப் பிடித்தத்தை எதிர்ப்பதைவிட இது பெரிய கோரிக்கை என்பது நம் அபிப்பிராயம். வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டர் ஓட்டுநருக்கும் மெக்கானிக்குக்கும் நடத்தும் பயிற்சியில் வண்டிக்காரரின் மகன் மட்டும் போய்ச் சேர்ந்தால் போதாது; வண்டி ஓட்டுகிற விவசாயத் தொழிலாளி போய்ச் சேர வேண்டும். பயிற்சி நாளுக்கும் கூலி கேட்க வேண்டும். கூலி இல்லாமல் எந்தத் தொழிலாளி ஒரு வாரம் வீட்டை விட்டுப் போவான்?

முன்பு சொன்ன அந்த டிரைவருக்குப் பிடித்தம் நின்றதா என்று கேட்பீர்கள். பாதி நின்றது. ஊர்ப் பெரியவர்கள் நடுவில் பேசி, அச்சு விலையில் பாதியை வண்டிக்காரர் ஏற்றுக்கொண்டார். மீதிப் பாதி மாதாமாதம் கழிகிறது. தோழர்களுக்கு இது திருப்தி இல்லை, நமக்கும் இல்லை. கறுத்த முக்கால் பாகத்துக்கு டிரைவர் ஏன் கட்ட வேண்டும் என்று மனுப் போட ஏற்பாடு நடக்கிறது. முறிந்த துண்டை மேஸ்திரி ஒரு சாக்கில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறார். அதிகாரி கேட்கும்போது எடுத்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.